வீட்டுக்குள் சைக்கிள்: எந்த ஆப், எப்போது மாறுவது?

சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க வைக்கும் ஸ்மார்ட் ட்ரெய்னர் என்ற கருவியை வாங்கி, சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, அதில் மாட்டியும் ஆயிற்று. அடுத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த ஆப் போடுவது? நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். ஸ்விஃப்ட் என்பார் ஒருவர். விளையாட்டெல்லாம் எதற்கு, ட்ரெய்னர்ரோடு போடு என்பார் இன்னொருவர். மைவூஷ் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்குக் காசு என்பார் மூன்றாமவர். ரூவியில் மலைப்பாதை வீடியோ பார்த்தபடி மிதிக்கும் சுகமே தனி என்பார் நாலாமவர். அவரவர் சொல்வது அவரவருக்குச் சரிதான். இவை எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைத்துக்கொண்டு கேட்பதால்தான் குழப்பம் வருகிறது.

ஆகவே பெயர்களுக்குப் போகும் முன், மிதிக்கும்போது எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ட்ரெய்னருக்கு வேலை இரண்டு. நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை வாட்ஸ் கணக்கில் அளப்பது ஒன்று. சொன்னபடி பெடலை இறுக்குவதும் தளர்த்துவதும் மற்றொன்று. ஆப் அந்த வாட்ஸை வாங்கிக்கொண்டு, எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ட்ரெய்னருக்குத் திருப்பிச் சொல்கிறது. அதைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, சரிவைச் சொல்வது. "இப்போது 5 சதவீத ஏற்றம்" என்று ஆப் சொன்னதும் ட்ரெய்னர் இறுகும். நீங்கள் கியரை இறக்கி மெதுவாக ஏறலாம், எழுந்து நின்று அழுத்தலாம். அது உங்கள் பாடு. இரண்டாவது எர்க் மோட். இதில் ஆப் சரிவைப் பற்றிப் பேசாது, "180 வாட்ஸ்" என்று மட்டும் சொல்லும். வேகமாக மிதித்தால் ட்ரெய்னர் தளரும், மெதுவாக மிதித்தால் இறுகும். எப்படி மிதித்தாலும் 180 தான். சில நிமிடம் பலமாக மிதித்து, சிறிது இளைப்பாறி, மீண்டும் பலமாக மிதிக்கும் இன்டர்வல் பயிற்சிக்கு இது வரம். களைத்துப் போன நேரத்தில் இதுவே சாபமும் ஆகிவிடும். கால் சற்றே தளர்ந்தால் பெடல் இறுகும், இறுகியதால் கால் இன்னும் தளரும், கடைசியில் பெடல் சிமெண்டில் புதைந்தாற்போல் நின்றுவிடும். புதிதாக வருபவர்கள் இதை ட்ரெய்னரின் கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். கோளாறு ஒன்றும் இல்லை. இறுகத் தொடங்கும்போதே கால் சுழற்சியைக் கூட்டிவிட வேண்டும். தவறினால் சில நொடி நிறுத்தி, சுமை இறங்கியபின் வேகச் சுழற்சியோடு மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்த இரண்டு வழிகளும் கிட்டத்தட்ட எல்லா ஆப்களிலும் இருக்கின்றன. ட்ரெய்னரும் ஆப்பும் பேசிக்கொள்ள ஆன்ட் பிளஸ் என்ற ரேடியோ முறையிலும் புளூடூத்திலும் பொதுவான மொழி ஏற்பட்டுவிட்டது. புளூடூத் மொழிக்கு எஃப்.டி.எம்.எஸ். என்று பெயர், ட்ரெய்னர் பெட்டியின் மேல் இந்த நான்கு எழுத்துகளைப் பார்க்கலாம். முன்பு ட்ரெய்னர் கம்பெனி தரும் மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. இப்போது ஒரு கம்பெனியின் ட்ரெய்னரும் வேறொரு கம்பெனியின் ஆப்பும் சிக்கலில்லாமல் சேர்ந்து ஓடுகின்றன. ஆப் மாறுவது சுலபமானதற்கு இந்தப் பொது மொழிதான் காரணம். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: 200 வாட்ஸ் எந்த ஆப்பிலும் 200 வாட்ஸ்தான். திரையில் தீவு ஓடுகிறதா, வெறும் நீலக் கட்டங்கள் ஓடுகின்றனவா என்பது தொடைக்குத் தெரியாது.

பின் எதற்கு இத்தனை ஆப்கள்? மனதுக்குத் தெரியுமே. அதற்காகத்தான்.

மூன்று குடும்பங்கள்

முதல் குடும்பம் விளையாட்டு உலகம். இதில் மூத்த பிள்ளை ஸ்விஃப்ட். 2014-இல் சோதனை வடிவில் வெளிவந்தது. வட்டோபியா என்ற கற்பனைத் தீவில் உங்கள் உருவம் ஒன்று சைக்கிள் ஓட்டும். உலகின் எங்கோ ஒரு அறையில் மிதித்துக்கொண்டிருப்பவரின் உருவம் பக்கத்தில் ஓடும். அவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால், நிஜச் சாலையில் போலவே, குறைந்த வாட்ஸில் அதே வேகம் கிடைக்கும். உருவத்தின் வேகத்தை உங்கள் வாட்ஸ், எடை, உயரம் ஆகியவற்றிலிருந்து ஆப் கணக்கிடுகிறது. ஆகவே எடையைக் குறைத்துப் போட்டால் மலையேற்றத்தில் பறக்கலாம். பந்தயங்களில் இது பெரிய வம்பு வழக்கு. அதற்குள் இப்போது போக வேண்டாம். மைவூஷும் இதே குடும்பம். அபுதாபியைச் சேர்ந்தது, ஓட்டுவதற்குக் கட்டணம் கிடையாது. இலவசம் என்பதால் ஏதோ அரைகுறைச் சரக்கு என்று எண்ண வேண்டாம், 2024-இல் உலக சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ.யின் சைக்கிளிங் இ-ஸ்போர்ட்ஸ் உலகச் சாம்பியன்ஷிப் இதில்தான் நடந்தது.

இரண்டாவது குடும்பம் நிஜச் சாலை வீடியோ. ரூவி, கினோமேப் இந்த வகை. உண்மையான பாதையைப் படம்பிடித்து வைத்திருப்பார்கள். நீங்கள் வேகமாக மிதித்தால் படம் வேகமாக ஓடும், சரிவுக்கு ஏற்ப ட்ரெய்னர் இறுகும். போகப்போகிற மலைப்பாதையை முன்கூட்டியே கால்களுக்குப் பழக்கிக்கொள்ள விரும்புபவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கூட்டம் வேண்டும், துரத்த ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இது கொஞ்சம் தனிமை.

மூன்றாவது குடும்பத்தில் பயிற்சித் திட்டமே எல்லாம். ட்ரெய்னர்ரோடைத் திறந்தால் தீவும் இல்லை, கூட்டமும் இல்லை. நீலக் கட்டங்களாக ஒரு வரைபடம், அதன்மேல் நகரும் ஒரு கோடு, அவ்வளவுதான். ஆனால் இன்று என்ன, நாளை என்ன, இந்த வாரம் எப்போது ஓய்வு என்பதை அது சொல்லும். 2021 முதல், நீங்கள் ஒரு பயிற்சியை முடித்த விதத்தைப் பார்த்து அடுத்ததைக் கூட்டிக் குறைக்கவும் செய்கிறது. ட்ரெய்னர் செய்யும் வாஹூ கம்பெனியின் சிஸ்டம் என்ற ஆப்பும் இதே குடும்பம்தான், வீடியோவும் சேர்ந்து வரும். சஃபர்ஃபெஸ்ட் என்று முன்பு பெயர் பெற்றிருந்த ஆப்தான் 2021-இல் இந்தப் பெயருக்கு மாறியது.

இந்தக் கோடுகள் இப்போது அழிந்துகொண்டு வருகின்றன. ஸ்விஃப்டிலும் பயிற்சித் திட்டங்கள் உண்டு. பயிற்சித் திட்டங்களுக்கே பேர்போன ட்ரெய்னிங்பீக்ஸ், இண்டிவெலோ என்ற விளையாட்டு உலகத்தை வாங்கி ட்ரெய்னிங்பீக்ஸ் விர்ச்சுவல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இருந்தாலும் ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு மையம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வசதிப் பட்டியலில் எத்தனை டிக் இருக்கிறது என்று பார்த்து அல்ல.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மிதிக்கவே பிடிக்காத ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு எது உங்களைச் சீட்டில் ஏற்றும்? "ஆறு மணிக்கு அவர்கள் எல்லாம் வந்துவிடுவார்களே" என்ற எண்ணமா? அப்படியானால் விளையாட்டு உலகம். "இன்றைக்கு 45 நிமிடம், நான்கு இன்டர்வல், முடித்தால் விடுதலை" என்று யாராவது சொல்லிவிட்டால் யோசிக்காமல் ஏறிவிடுவீர்களா? அப்படியானால் திட்ட ஆப். கண்ணுக்கு ஏதாவது வேண்டும், மற்றவர் தொந்தரவு வேண்டாம் என்றால் வீடியோ. மிதிப்பதோடு சினிமா பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் திட்ட ஆப்தான் பொருத்தம், திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பட்டையாக அது ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

புதியவருக்கு என் யோசனை: முதல் இரண்டு மூன்று மாதம் திட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இலவசமாகக் கிடைப்பதையோ, சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்க விடுவதையோ எடுத்துக்கொண்டு, வாரத்தில் மூன்று முறை ஏறும் பழக்கத்தை மட்டும் உண்டாக்குங்கள். புதிய கால்கள் எதைச் செய்தாலும் முன்னேறும். அந்த முன்னேற்றம் நின்றபின் திட்ட ஆப்புக்குக் கொடுக்கும் காசுக்குத்தான் பலன் தெரியும்.

ஆப்புக்குச் சந்தா கட்டுவதற்கு முன்னால் நல்ல மின்விசிறி ஒன்று வாங்கிவிடுங்கள். அறைக்குள் எதிர்க்காற்று கிடையாது. உடல் சூடேற ஏற அதே வாட்ஸுக்கு இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். இருபது நிமிடத்தில் ஆள் சோர்ந்துவிடுவார். பழி என்னவோ ஆப்பின் மேல் விழும்.

கையில் உள்ள கருவியையும் பாருங்கள். விளையாட்டு உலகங்களுக்கு ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் வேண்டும், பழைய லேப்டாப் திணறும். வீடியோ ஆப்களுக்கு இணைய வேகம் வேண்டும். சிலவற்றில் பாதையை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம். திட்ட ஆப் சாதாரண ஃபோனிலேயே ஓடும். ஆப்பிள் டிவியில் ஆன்ட் பிளஸ் கிடையாது, புளூடூத் மட்டும்தான். ஒற்றைப் பல்சக்கரமும் கைப்பிடியில் பட்டனுமாக, கியரை மென்பொருளே மாற்றும் வகை ட்ரெய்னர் உங்களிடம் இருந்தால், அந்த வசதி எந்தெந்த ஆப்பில் வேலை செய்யும் என்று முதலில் பாருங்கள். மேலே சொன்ன பொது மொழிக்குள் இது இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இரண்டு ஆப்களை ஒன்றாக ஓட்டலாமா?

ஓட்டலாம், பலர் ஓட்டுகிறார்கள். பயிற்சி ட்ரெய்னர்ரோடில், காட்சி ஸ்விஃப்டில். விதி ஒன்றுதான்: ட்ரெய்னரை இறுக்கித் தளர்த்தும் அதிகாரம் ஒரே ஒரு ஆப்பிடம் இருக்க வேண்டும். மற்றது வாட்ஸை மட்டும் வாங்கிக்கொள்ளட்டும். அதன் இணைப்புப் பக்கத்தில் கட்டுப்பாட்டுக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். இரண்டுமே அதிகாரம் செய்தால், ஒன்று ஏற்றம் என்று இறுக்கும், இன்னொன்று 150 வாட்ஸ் போதும் என்று தளர்த்தும், நடுவில் உங்கள் முழங்கால் அல்லாடும். ஆன்ட் பிளஸில் ட்ரெய்னர் சொல்வதை எத்தனை ஆப் வேண்டுமானாலும் கேட்கலாம். புளூடூத்தில் பழைய ட்ரெய்னர்கள் ஒரே ஒரு இணைப்புதான் தரும். "ஃபோனில் ஆப் திறந்திருந்தது, அதனால் கம்ப்யூட்டரில் ட்ரெய்னரே தெரியவில்லை" என்ற புகாரில் பாதி இதனால் வருவதுதான்.

இரண்டு சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இன்டர்வல்ஸ் ஐசியு போன்ற தளத்தில் பயிற்சியை நீங்களே எழுதி, அதைக் கோப்பாக இறக்கி, விருப்பமான ஆப்பில் ஏற்றிக்கொள்ளலாம். ஸ்விஃப்டுக்கு இஸட்.டபிள்யூ.ஓ. கோப்பு, பல ஆப்களுக்கு எம்.ஆர்.சி. அல்லது ஈ.ஆர்.ஜி. கோப்பு. எம்.ஆர்.சி.யில் பயிற்சி உங்கள் எஃப்.டி.பி.யில் (இது என்ன என்று கீழே வருகிறது) இத்தனை சதவீதம் என்று இருக்கும், ஈ.ஆர்.ஜி.யில் நேரடி வாட்ஸாக. மற்றவர் தந்த ஈ.ஆர்.ஜி. கோப்பை அப்படியே ஓட்டினால் அவர் கால் பலத்துக்கு நீங்கள் மிதிக்க வேண்டியிருக்கும். எச்சரிக்கை.

மாறும்போது இடிப்பது எஃப்.டி.பி.

எஃப்.டி.பி. என்பது நீங்கள் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்ஸ். பெரும்பாலான ஆப்கள் பயிற்சியின் கடினத்தை இதில் இத்தனை சதவீதம் என்றுதான் வகுக்கின்றன. ஒரு மணி நேரம் உயிரைக் கொடுத்து மிதிக்க யாருக்கும் ஆசை இல்லாததால் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, 20 நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்து, சராசரியில் 95 சதவீதத்தை எடுத்துக்கொள்வது. மற்றது ரேம்ப் டெஸ்ட்: நிமிடத்துக்கு நிமிடம் சுமை ஏறும், முடியாமல் நிற்கும்வரை மிதிக்க வேண்டும், மிகச் சிறந்த ஒரு நிமிடத்தில் 75 சதவீதம்தான் எஃப்.டி.பி.

இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே எண்ணைத் தரும் என்று நம்பாதீர்கள். 20 நிமிடச் சராசரி 200 என்றால் எஃப்.டி.பி. 190. அதே ஆள் ரேம்ப் டெஸ்டில் கடைசி நிமிடம் 273 வாட்ஸ் வரை இழுத்துவிட்டால் 205 என்று வரும். திடீர் வேகக்காரர்களுக்கு ரேம்ப் டெஸ்ட் தாராளமாகக் கொடுக்கும். நின்று நிதானமாக இழுப்பவர்களுக்குக் கஞ்சத்தனம் செய்யும். 15 வாட்ஸ் வித்தியாசம்தானே என்று தோன்றும். இளைப்பாறும் ஓட்டத்தில் அது ஒன்றும் செய்யாது. ஆனால் 120 சதவீத இன்டர்வலுக்குப் போனால் 190-க்கு 228, 205-க்கு 246. நான்காவது இன்டர்வலில் அந்த 18 வாட்ஸ்தான் முடிப்பதையும் முடியாமல் இறங்குவதையும் தீர்மானிக்கும். "இந்த ஆப்பின் பயிற்சிகள் கொடூரம்" என்று சொல்பவர்கள் பலருக்கு உண்மையில் எஃப்.டி.பி. மாறியிருக்கிறது, ஆப்பின் குணம் மாறவில்லை.

ஆகவே மாறிய முதல் நாளே புதிய ஆப் கேட்கும் டெஸ்டுக்கு ஓடாதீர்கள். பழைய எண்ணைப் போட்டு, எஃப்.டி.பி.யை ஒட்டிய ஒரு பயிற்சியை, பத்துப் பத்து நிமிடமாக இரண்டு மூன்று இன்டர்வல் உள்ளதாக, செய்து பாருங்கள். கடைசி இன்டர்வல் கஷ்டமாக இருந்தும் முடிந்தால் எண் சரி. பேசிக்கொண்டே முடித்தால் சில வாட்ஸ் கூட்டுங்கள், பாதியில் விட்டால் சில வாட்ஸ் குறைத்துவிடுங்கள்.

வாட்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பெடலிலேயே வாட்ஸை அளக்கும் பவர் மீட்டர் உள்ளவர்கள் பழைய ஆப்பில் அதை இணைத்திருப்பார்கள். புதிய ஆப் தானாக ட்ரெய்னரைப் பிடித்துக்கொள்ளும். பெடலிலிருந்து செயின் வழியாக ட்ரெய்னருக்குப் போவதற்குள் சில வாட்ஸ் கரைந்துவிடும், இரண்டு கருவிகளின் துல்லியமும் வேறு வேறு. அதே மூலத்தையே இணையுங்கள்.

"புதிய ஆப்பில் ஏற்றம் ரொம்பக் கனம்" என்பது அடுத்த புகார். ஸ்விஃப்டில் ட்ரெய்னர் டிஃபிகல்ட்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, தொடக்கத்தில் பாதியில் நிற்கும். 10 சதவீத ஏற்றம் காலுக்கு 5 சதவீதம் போலத்தான் தெரியும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அதே வேகத்தில் மேலே போக அதே வாட்ஸ் கொடுத்தே ஆக வேண்டும். கியரை எவ்வளவு மாற்றுகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். மற்ற ஆப்களிலும் வேறு பெயர்களில் இது உண்டு. அதை ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். வேகத்தையும் தூரத்தையும் மட்டும் ஆப்புக்கு ஆப் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றும் காற்றையும் உருளலையும் தன் பாணியில் கணக்குப் போடுகிறது.

எதற்காக மாறுவது, எதை எடுத்துக்கொண்டு போவது?

அலுப்பு, விலை, நண்பர்கள் வேறிடம் போனது, திட்டம் தேவைப்படுவது, கருவி மாறியது எல்லாமே நல்ல காரணங்கள்தான். வாட்ஸ் ஏறாமல் நிற்பது மட்டும் சந்தேகத்துக்குரிய காரணம். தூக்கமும் ஓய்வும் எளிய ஓட்டங்களும் குறைந்தால் எந்த ஆப்பிலும் வாட்ஸ் ஏறாது. புதிய ஆப் தரும் உற்சாகம் சில வாரம் நிற்கும்; அதை முன்னேற்றம் என்று எண்ணிவிடுவது எளிது.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இல்லை: ஆப்பே மூடப்படுவது. ஆர்.ஜி.டி. என்ற நல்ல விளையாட்டு உலகம் ஒன்று இருந்தது. 2022-இல் வாஹூ அதை வாங்கியது, 2023 அக்டோபர் இறுதியில் மூடிவிட்டது. எவ்வளவு பிடித்த ஆப்பாக இருந்தாலும் அது வாடகை வீடுதான். சாமான்கள் நம்முடையவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாமான் என்பது ஃபிட் கோப்பு. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நொடிக்கு நொடி வாட்ஸ், இதயத்துடிப்பு, கால் சுழற்சி எல்லாம் இதில் பதிவாகிறது. முதல் நாளே ஸ்ட்ராவா, கார்மின் கனெக்ட், இன்டர்வல்ஸ் ஐசியு ஆகிய, ஓட்டங்களைச் சேமித்து வைக்கும் தளங்களில் ஒன்றோடு ஆப்பை இணைத்துவிட்டால் கோப்புகள் தாமாகவே அங்கே போய்ச் சேரும். இரண்டு ஆப் சேர்ந்து ஓட்டும் நாளில் ஒரே ஓட்டம் இரண்டு முறை ஏறிவிடும், ஒன்றை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் வாரக் கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

கூட வராதவையும் உண்டு. லெவல், சம்பாதித்த சைக்கிள்கள், பேட்ஜ்கள் அங்கேயே கிடக்கும். ஸ்விஃப்டில் 50,000 மீட்டர் ஏறி முடித்தால்தான் ட்ரான் சைக்கிள் என்று செல்லமாக அழைக்கப்படும் ஒளிரும் சைக்கிள் கிடைக்கும். 40,000 ஏறியவரிடம் வேறு ஆப்புக்கு வா என்றால் வருவாரா? அந்த ஆப்களின் சாமர்த்தியமே அதில்தான் இருக்கிறது. ஏறிய கால் உங்களோடு வருகிறது, சைக்கிள் படம் வராது என்று நினைத்துக்கொண்டால் பிரிவு கொஞ்சம் எளிதாகும். திட்ட ஆப் உங்களைப் பற்றிக் கற்று வைத்திருப்பதும் கூட வராது. புதிய ஆப் உங்களை முன்பின் தெரியாதவராகத்தான் பார்க்கும். பழைய கோப்புகளை ஏற்றும் வசதி இருந்தால் ஏற்றிவிடுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய வாரங்களில் மாறாதீர்கள். ஓய்வு வாரம்தான் அதற்கு நல்ல நேரம். பழைய சந்தாவில் மிச்சமிருக்கும் நாட்களிலேயே புதியதைச் சோதித்துவிட வேண்டும். ஆப்பை ஃபோனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. எங்கே காசு கட்டினீர்களோ அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்: ஆப் ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் ஸ்டோரில், இணையதளத்தில் கட்டியிருந்தால் அங்கே. வருடச் சந்தா மலிவாகத் தெரியும். வெயிலோ மழையோ குளிரோ வெளியே போகவிடாத சில மாதங்கள் மட்டும் உள்ளே மிதிப்பவருக்கு மாதச் சந்தாவே லாபம்.

ஸ்மார்ட் ட்ரெய்னர் இல்லாமல் பின்சக்கரத்தை உருளையில் அழுத்தும் சாதாரண ட்ரெய்னரும் வேக சென்சாரும் மட்டும் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சில ஆப்கள் உங்கள் ட்ரெய்னர் மாடலைக் கேட்டு, சக்கர வேகத்திலிருந்து வாட்ஸை ஊகித்துச் சொல்லும். டயரில் காற்று குறைந்தாலோ உருளையின் அழுத்தம் மாறினாலோ ஊகமும் மாறிவிடும். ஒவ்வொரு ஆப்பும் ஊகிக்கும் விதமும் வேறு, ஒன்றில் 160 என்று காட்டுவது இன்னொன்றில் 180 ஆகலாம். உங்களைப் பொறுத்தவரை, பழைய எஃப்.டி.பி.யை எடுத்துக்கொண்டு போவதில் பொருளில்லை. ஒவ்வொரு முறையும் டயர் காற்றை ஒரே அளவில் அடித்து, அழுத்தும் திருகை ஒரே அளவு திருகி, புதிய ஆப்பிலேயே டெஸ்ட் எடுத்து, அங்கே வரும் எண்ணிலிருந்து தொடங்குங்கள்.